பழைய டாட்சன் 280இசட் காரில் ஏசி கம்ப்ரசர் புல்லியை மாற்றும் முறை

நெடுஞ்சாலையில் போகும்வரை குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது. ஊருக்குள் நுழைந்து சிக்னலில் நின்ற இரண்டாவது நிமிடம் அதே காற்று வெதுவெதுப்பாகிறது. பச்சை விழுந்து வண்டி வேகம் எடுத்ததும் குளிர் திரும்புகிறது. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் ஜூலை மாத வெயிலில் 280இசட் ஓட்டுகிற எவருக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. கம்ப்ரசர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் பலர் அதை முழுதாக மாற்றிவிடுகிறார்கள். பல வண்டிகளில் கம்ப்ரசர் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் முகப்பில் சுற்றும் புல்லிதான் தேய்ந்திருக்கிறது, அல்லது அந்த எஞ்சினுக்குப் பொருந்தாத அளவில் இருக்கிறது. அந்தப் புல்லியை, குளிரூட்டும் கேஸ் ஓடும் குழாய்களைத் திறக்காமலே, வீட்டு வாசலில் வைத்து, ஒரு சனிக்கிழமையில் மாற்றிவிடலாம்.

இதுவரை இந்த வேலையைச் செய்யாதவர்களுக்காகவே எழுதுகிறேன். கழற்றுவதும் மாட்டுவதும் பொறுமை இருந்தால் கைவந்துவிடும். கெட்டுப்போகிற வேலைகள் பெரும்பாலும் அளக்காததால் கெடுகின்றன. புல்லியின் விட்டம், பெல்ட் ஓடும் நேர்கோடு ஆகிய இரண்டையும் சரியாக அளந்துவிட்டால் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வரும்.

எந்தக் கார், எந்தக் கம்ப்ரசர்

டாட்சன் 280இசட் 1975 முதல் 1978 வரை வட அமெரிக்கச் சந்தைக்காக நிசான் தயாரித்த இரு கதவு ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே எல்28 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின், 2,753 சிசி. இந்த வரிசையின் முதல் காரான 240இசட்டில் ஏசியை விற்பனையாளர்களே தனியாகப் பொருத்திக் கொடுத்தார்கள். அதனால் இந்தக் குடும்பத்துக் கார்களில் எந்த இரண்டு ஏசியும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அக்காலத்துக் கம்ப்ரசர்கள் எடை மிகுந்தவை. அவை ஓயும்போது உரிமையாளர்கள் பெரும்பாலும் சாண்டன் நிறுவனத்தின் எஸ்டி-508 வகைக் கம்ப்ரசரைப் பொதுவான தாங்கி ஒன்றின் உதவியுடன் பொருத்திவிடுகிறார்கள். நான் இங்கே சொல்வது அப்படி 508 பொருத்தப்பட்ட காருக்கு. இதே கம்ப்ரசர் வேறு பல பழைய ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இருப்பதால், முறை அவற்றுக்கும் பெரிதும் பொருந்தும்.

508 என்ற எண்ணில் முதல் 5 சிலிண்டர்களின் எண்ணிக்கை. கடைசி 8, ஒரு சுற்றில் அது இழுத்துத் தள்ளும் கன அளவு, கன அங்குலத்தில்; சரியாகச் சொன்னால் 8.4. நம் கணக்கில் சுமார் 138 சிசி. இந்த 138ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும்போது தேவைப்படும்.

கம்ப்ரசரின் முகப்பில் மூன்று பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. வெளியே தெரியும் தட்டு, கிளட்ச் தட்டு. இது கம்ப்ரசரின் தண்டோடு பிணைந்தது. அதன் பின்னால் புல்லி; இது பேரிங்கின் மேல் தனியாகச் சுற்றும். புல்லிக்கு உள்ளே, அசையாமல், மின்காந்தக் காயில். ஏசியை முடுக்கியதும் காயிலுக்கு மின்சாரம் போகிறது, தட்டு புல்லியோடு ஒட்டிக்கொள்கிறது, தண்டு சுற்றத் தொடங்குகிறது. ஏசி அணைந்திருக்கும்போதும் புல்லி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சின் ஓடும் நேரம் முழுவதும் உழைப்பதால்தான் பேரிங் முதலில் தேய்கிறது.

முதலில் நோயை உறுதிப்படுத்துங்கள்

புதுப் புல்லிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நெரிசலான சாலையில் ஓட்டி, நடுக் காற்றுத்துளையில் வெப்பமானி காட்டும் அளவைக் குறித்து வையுங்கள்; கடைசியில் ஒப்பிடத் தேவைப்படும். சிக்னலில் குளிர் குறைவதற்குப் புல்லி ஒரு காரணம் மட்டுமே. வண்டி நிற்கும்போது, கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்குப் போதிய காற்று கிடைக்காதது இன்னும் பொதுவான காரணம். எஞ்சின் ஐட்லிங்கில் ஓட, ஏசி முழுவீச்சில் இருக்க, தோட்டத்துக் குழாயால் கண்டென்சர் மீது மென்மையாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் குளிர் திரும்பினால் உங்களுக்குத் தேவை நல்ல மின்விசிறி. கேஸ் குறைந்திருந்தாலும் ஏறக்குறைய இதே அறிகுறிதான் தெரியும்; அழுத்தமானியை வைத்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அதன்பின் எஞ்சினை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் முனை இணைப்பைக் கழற்றிவிட்டு, பெல்ட்டைத் தளர்த்திப் புல்லியைக் கையால் சுற்றுங்கள். சத்தமின்றி வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். மணல் அரைபடுவது போல் விரலில் உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. விளிம்பை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தாலும் அதே முடிவுதான். புல்லியில் பெல்ட் உட்காரும் பள்ளமான காடியின் பக்கச் சுவர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல காடியில் சுவர்கள் நேராக இருக்கும்; தேய்ந்ததில் நடுவே குழிந்து, அடிப்பாகம் கண்ணாடி போல மின்னும். அடி மின்னினால் பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடியிருக்கிறது என்று பொருள். வி-பெல்ட் பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். அடியைத் தொட்டால் வழுக்கத்தான் செய்யும்.

கடைசியாகக் கிளட்ச் தட்டைக் கையால் சுற்றுங்கள். சற்று விட்டு விட்டு எதிர்ப்புக் காட்டினாலும் அது முழுச் சுற்று சுற்ற வேண்டும். அசையவே மறுத்தால் கம்ப்ரசர் உள்ளே இறுகிவிட்டது. அதற்குப் புதுப் புல்லி மாட்டுவது பண விரயம்.

சிறிய புல்லி, பெரிய புல்லி: கணக்கு

புல்லி சிறிதாக இருந்தால் கம்ப்ரசர் வேகமாகச் சுற்றும், ஆகவே குளிர் கூடும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கம்ப்ரசரின் வேகம் வேண்டுமென்றால், எஞ்சினோடு சுற்றிப் பெல்ட்டை இழுக்கும் கிராங்க் புல்லியின் விட்டத்தைக் கம்ப்ரசர் புல்லியின் விட்டத்தால் வகுத்து, எஞ்சின் வேகத்தால் பெருக்குங்கள். இரண்டு விட்டங்களையும் ஒரே இடத்தில், பெல்ட்டின் மேற்பரப்பு உட்காரும் உயரத்தில், வெர்னியரால் அளக்க வேண்டும்.

கிராங்க் புல்லி 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், உங்கள் காரில் உள்ளதை நீங்கள் அளந்துகொள்ளுங்கள். 508 வகையில் பரவலாகக் கிடைக்கும் புல்லி 132 மி.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங் செய்யும்போது கம்ப்ரசர் சுமார் 909 சுற்று சுற்றும். 125 மி.மீ. புல்லியை மாட்டினால் அது 960 ஆகும். சுற்றுக்கு 138 சிசி என்ற கணக்கில், நிமிடத்துக்கு 125 லிட்டராக இருந்த இழுப்பு 132 லிட்டராக உயர்கிறது. ஏறக்குறைய ஐந்தரை சதவீதம். சிக்னலில் நிற்கும்போது உணரக்கூடிய அளவுதான். ஆனால் இதை மட்டும் வைத்து அற்புதத்தை எதிர்பார்க்காதீர்கள்.

இனி மறுமுனை. 508 வகைக் கம்ப்ரசரைத் தொடர்ந்து ஓட்டக்கூடிய உச்சவேகம் நிமிடத்துக்கு 6,000 சுற்று. 132 மி.மீ. புல்லியில் எஞ்சின் 5,280 சுற்றைத் தொடும்போது கம்ப்ரசர் அந்த வரம்பைத் தொட்டுவிடும். 125 மி.மீ. என்றால் 5,000லேயே தொட்டுவிடும். எல்28 எஞ்சினை ஆசையோடு மிதிப்பவர் 6,000 வரை கொண்டுபோவார். அப்போது கம்ப்ரசர் 7,200 சுற்றில் அலறும். குடும்பக் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இந்த விஷயத்தில் இருக்கும் வேறுபாடு இதுதான். ஐட்லிங்கை மட்டும் பார்த்துப் புல்லி வாங்குகிறவர்கள் உச்சத்தை மறந்துவிடுகிறார்கள்.

என் முடிவை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குள் அதிகம் ஓட்டுபவர் 125 மி.மீ. புல்லியை எடுங்கள், ஆனால் அதோடு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்ததும் கிளட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச் ஒன்றையும் பொருத்துங்கள். வளைந்த மலைச்சாலைகளில் வாரக்கடைசி ஓட்டத்துக்காகவே வண்டி வைத்திருப்பவர் 132லேயே நின்று, ஒற்றைக் காடியிலிருந்து இரட்டைக் காடிக்கு மாறுங்கள். கண்டென்சருக்கு நல்ல மின்விசிறி போடுங்கள். 125ஐவிடச் சிறியதை இந்த எஞ்சினில் நான் மாட்ட மாட்டேன்.

இரட்டைக் காடி எதற்கு என்று கேட்கலாம். கம்ப்ரசரைச் சுற்றத் தேவையான முறுக்கு மாறுவதில்லை. புல்லி சிறிதானால் அதே முறுக்குக்குப் பெல்ட் கூடுதல் பலத்தோடு இழுக்க வேண்டும், பெல்ட் புல்லியைத் தழுவும் பரப்பும் குறையும். இரண்டு பெல்ட்கள் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் கிராங்க் புல்லியில் காலியான இரண்டாவது காடி, அதே அகலத்தில், அதே இடைவெளியில் இருந்தால்தான் இது நடக்கும். இல்லாவிட்டால் இரட்டைக் காடிப் புல்லியில் ஒரு காடியை மட்டும் பயன்படுத்தலாம், அதில் தவறில்லை.

வாங்கும்போது

புல்லி, கிளட்ச் தட்டு, காயில் மூன்றையும் ஒரே தொகுப்பாக வாங்குங்கள். பழைய தட்டின் முகம் பழைய புல்லிக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். புதுப் புல்லியோடு அது முழுப் பரப்பிலும் ஒட்டாது, வழுக்கிச் சூடேறும்.

தண்டின் வகையைக் கவனியுங்கள். பழைய 508களில் தண்டின் முனையில் அரை அங்குல நட் இருக்கும், தட்டைத் தண்டோடு பிடிக்கக் கீ எனப்படும் சிறிய இரும்புத் துண்டு ஒன்று இருக்கும். பிற்கால வகைகளில் தண்டில் பற்கள் வெட்டி, 8 மி.மீ. போல்ட் ஒன்றால் இறுக்கியிருப்பார்கள். ஒன்றின் தட்டு மற்றதில் ஏறாது. கம்ப்ரசரின் மேலுள்ள தகட்டு எண்ணைப் படம் எடுத்து, கடையில் காட்டி வாங்குவது பாதுகாப்பானது.

அடுத்தது காடியின் இடம். புல்லி கழற்றப்படாத நிலையில், கம்ப்ரசரைத் தாங்கியோடு பிணைக்கும், துளையுள்ள காதுகளில் பின்பக்கத்ததிலிருந்து காடியின் நடுப்பகுதி வரை எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதுப் புல்லியில் உங்கள் பெல்ட் ஓடப்போகும் காடி அதே தூரத்தில் வர வேண்டும். பெட்டியின் மேல் விட்டம் மட்டும் அச்சாகியிருக்கும், இந்த அளவு இருக்காது. கடைக்காரரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் நீங்களே அளவுகோலை எடுத்துக்கொண்டு போங்கள்.

பெல்ட்டும் மாறும். 132இலிருந்து 125க்கு வரும்போது விட்டத்தில் 7 மி.மீ. குறைகிறது, பெல்ட்டின் தேவையான நீளம் சுமார் 11 மி.மீ. குறையும். இழுவைச் சரிசெய்யும் போல்ட்டுக்கு அவ்வளவு இடம் மீதம் இருந்தால் பழைய நீளமே போதும். இடம் இல்லையென்றால் ஒரு படி சிறிய பெல்ட் தேவை. ஏ வகைப் பெல்ட்டின் மேல் அகலம் 13 மி.மீ.; கிராங்க் புல்லியின் காடியும் அதற்கேற்றதா என்று பெல்ட்டை வைத்துப் பாருங்கள். பெல்ட்டின் மேற்பரப்பு காடியின் விளிம்போடு ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும்.

எடுத்து வைக்க வேண்டிய கருவிகள்

மில்லிமீட்டர் ஸ்பானர் செட்டோடு முக்கால் அங்குல சாக்கெட் ஒன்றும் வேண்டும். காரின் மற்ற நட் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்க, 508இன் அரை அங்குலத் தண்டு நட் மட்டும் இந்த சாக்கெட்டைக் கேட்கும். 19 மி.மீ. சாக்கெட்டும் அதில் ஏறும், ஆனால் சரியானதை வைத்துக்கொள்வதே முறை. தட்டைச் சுற்றவிடாமல் பிடிக்க இரு முளை கொண்ட ஸ்பானர், தட்டுக்கும் புல்லிக்கும் தனித்தனிப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி), சர்க்ளிப் என்ற பிளந்த வளையத்தை விரிக்கும் இடுக்கி, சிறு இடைவெளிகளை அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜ், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், ஒரு அடி நீளமுள்ள நேரான இரும்புச் சட்டம். புல்லர்களை வாடகைக்குக் கொடுக்கும் உதிரிபாகக் கடைகள் உண்டு. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், சர்க்ளிப் தெறித்தால் கண்ணைத்தான் தேடும்.

கழற்றுதல்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இந்தக் காரின் பானெட் முன்பக்கம் கீல் வைத்துப் பின்பக்கம் திறப்பது. நாம் வேலை செய்யப்போகும் எஞ்சின் முகப்பு, பானெட் கீலை ஒட்டி இருக்கும். ஆகவே மேலிருந்து கை நுழைக்க இடம் குறைவு. ரேடியேட்டர் விசிறியின் மறைப்பைக் கழற்றிவிட்டால் பெரிதும் இலகுவாகும். ரேடியேட்டரையே எடுத்துவிட்டால் இன்னும் நிம்மதி. கூலன்ட் மாற்றும் காலமும் நெருங்கியிருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

பேட்டரியைத் துண்டித்து, பெல்ட்டை எடுத்து, காயிலுக்குப் போகும் ஒற்றை வயரின் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். அந்த இடத்திலேயே புல்லருக்கு இடம் இருந்தால் கம்ப்ரசரை அசைக்கவே வேண்டாம். இடமில்லையென்றால் தாங்கியின் போல்ட்களைக் கழற்றி, ஹோஸ்கள் இணைந்திருக்கும் நிலையிலேயே கம்ப்ரசரை முன்னுக்குத் திருப்பலாம். அது ஏழு கிலோ அளவுக்கு எடை உள்ளது. ஒரு கயிற்றால் மேலே கட்டித் தாங்குங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள். பழைய ரப்பர் ஹோஸ் ஒருமுறை மடிந்தால் அன்றே கேஸ் கசியத் தொடங்கும்.

கேஸ் இணைப்புகளில் ஸ்பானரை வைக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கேஸ் தோலை உறையவைக்கும், கண்ணைப் பறிக்கும். இந்தக் கார்கள் ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் கேஸின் காலத்தவை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே வளர்ந்த நாடுகளில் அதன் உற்பத்தி 1995 முடிவில் நின்றது. அமெரிக்காவில் ஆர்-12, அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ இரண்டையும் வேண்டுமென்றே காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். இணைப்பைத் திறக்க வேண்டிய நிலை வந்தால் சான்றிதழ் பெற்ற ஏசி மெக்கானிக்கை அழையுங்கள். நாம் செய்யும் வேலைக்கு அது தேவைப்படாது.

இனி தட்டு. இரு முளை ஸ்பானரைத் தட்டின் துளைகளில் பொருத்தி அசையாமல் பிடித்துக்கொண்டு, நடு நட்டைக் கழற்றுங்கள். தட்டில் மரை வெட்டிய மூன்று துளைகள் இருக்கும். புல்லரின் மூன்று போல்ட்களை அவற்றில் விரலால் மட்டும் இறுக்கி, நடு போல்ட்டைத் தண்டின் மையத்தில் வைத்து மெதுவாகத் திருகினால் தட்டு தானாகக் கழன்று வரும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டின் விளிம்பை நெம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காகிதத் தட்டு போல அது வளைந்துவிடும்.

தட்டு வந்ததும் தண்டின் மேல் மெல்லிய வளையங்கள் ஒன்றோ இரண்டோ இருக்கும். இவை ஷிம். தட்டுக்கும் புல்லிக்கும் இடைப்பட்ட இடைவெளியைத் தீர்மானிப்பவை. துணியில் துடைத்து ஒரு தேநீர்க் கோப்பையில் போட்டு வையுங்கள். கீ இருந்தால் அதையும் மெல்லத் தட்டி எடுத்து அதே கோப்பையில் சேருங்கள்.

அடுத்து, புல்லியைப் பிடித்திருக்கும் சர்க்ளிப்பை இடுக்கியால் விரித்து எடுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்து வெட்டப்பட்டிருக்கிறது என்று எடுக்கும்முன்பே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது புல்லரின் தாடைகளைப் பேரிங்கை ஒட்டிய காடியில் மாட்டி, தண்டின் முனையில் பாதுகாப்பு மூடியை வைத்து, நடு போல்ட்டைத் திருகினால் புல்லி வந்துவிடும். கடைசியாகக் காயில். வயரைப் பிடித்திருக்கும் சிறு கிளிப்பைத் தளர்த்தி, அதன் சர்க்ளிப்பை எடுத்து, காயிலை வெளியே இழுங்கள்.

இப்போது கம்ப்ரசரின் மூக்கு முழுதாகத் தெரியும். தண்டைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்து ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் தண்டின் சீல் கசிகிறது. புதுக் கிளட்ச் மாட்டுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் தெறித்துப் புதுத் தட்டும் வழுக்கும்.

மாட்டுதல்

புதுக் காயிலின் பின்பக்கத்தில் சிறிய முளை ஒன்று இருக்கும். அது கம்ப்ரசரின் உடலில் உள்ள குழியில் உட்கார வேண்டும். சர்க்ளிப் போட்டு, வயரைக் கிளிப்பில் பிடித்து, புல்லியில் உரசாதபடி ஒதுக்கிவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் காயிலின் மின்தடையைப் பாருங்கள். 3 முதல் 4 ஓம் அளவில் இருந்தால் நல்லது.

அடுத்து வரும் படியில்தான் அதிகப் புல்லிகள் பாழாகின்றன. என் நண்பர் ஒருவர் ஒரு பட்டறையில் புதுப் புல்லி போட்டுக்கொண்டு வந்தார். இரண்டே மாதத்தில் பேரிங் வண்டு போல ரீங்கரிக்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது புல்லியின் வெளி விளிம்பில் சுத்தியல் பட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. வெளி விளிம்பில் அடித்தால் அந்த அடி பேரிங்கின் குண்டுகள் வழியாகத்தான் உள் வளையத்துக்குப் போகும். ஒவ்வொரு குண்டும் தன் பாதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளத்தைப் பதித்துவிடும். பிறகு அந்தப் பள்ளங்களின் மேல் அது ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கும்.

ஆகவே பேரிங்கின் உள் வளையத்தின் மேல் மட்டும் உட்காரும் குழாய்த் துண்டு ஒன்றைத் தேடிப்பிடியுங்கள். சாண்டனுக்கென்றே விற்கும் கருவி உண்டு. சரியான அளவுள்ள பெரிய சாக்கெட்டும் போதும். புல்லியைக் கம்ப்ரசரின் மூக்கில் நேராக வைத்து, இரு கைகளாலும் அழுத்திச் சற்று நுழைத்துவிடுங்கள். பின்பு குழாய்த் துண்டை வைத்துச் சுத்தியலால் மெதுவாக, ஒரே சீராகத் தட்டுங்கள். முதலில் மந்தமாகத் தொப் தொப்பென்று கேட்கும். புல்லி அடியில் உட்கார்ந்ததும் ஓசை மாறும். கல்லில் இரும்பு பட்டதுபோலக் கணீரென்று கேட்கும். அந்த மாற்றத்தைக் காது பிடித்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு தட்டுக்கூட வேண்டாம். கையால் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல், காயிலில் உரசாமல் சுற்ற வேண்டும். பிறகு சர்க்ளிப், அதன் சாய்ந்த பக்கம் வெளியே, உங்களைப் பார்த்து இருக்கட்டும். அது காடிக்குள் முழுதாக விழுந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்.

கீயைப் பதித்து, கோப்பையில் வைத்த ஷிம்களைத் தண்டில் போட்டு, தட்டை ஏற்றி, நட்டை இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு உங்கள் கம்ப்ரசரின் சர்வீஸ் கையேட்டில் உங்கள் தண்டு வகைக்கு எதிரே எழுதியிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்குரிய அளவு அரை அங்குல நட்டுக்குரியதைவிட மிகவும் குறைவு. இரண்டையும் குழப்பினால் போல்ட் முறிந்து தண்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

இப்போது ஃபீலர் கேஜ். தட்டுக்கும் புல்லிக்கும் இடையே 0.4 மி.மீ. முதல் 0.8 மி.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். 0.4 தகடு எளிதாக நுழைய வேண்டும், 0.8 தகடு நுழையக் கூடாது. ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். தட்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடங்களில் பாருங்கள். எல்லா இடத்திலும் இடைவெளி கூடுதலாக இருந்தால் தட்டைக் கழற்றி ஒரு ஷிம்மை எடுங்கள். குறைவாக இருந்தால் ஒன்றைச் சேருங்கள். இடைவெளி குறைந்தால் ஏசி அணைந்த பின்னும் தட்டு உரசிச் சூடேறும். கூடினால் வெயில் நாளில் காயில் தட்டை இழுக்கத் திணறும். இரண்டு மூன்று முறை கழற்றி மாட்ட நேரலாம், அலுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள்.

நேர்கோடு

கம்ப்ரசரைத் தாங்கியில் பொருத்திய பின், பெல்ட் போடுவதற்கு முன், இரும்புச் சட்டத்தைக் கிராங்க் புல்லியின் முகத்தோடு ஒட்டி வைத்துக் கம்ப்ரசர் புல்லிவரை நீட்டுங்கள். இரண்டு புல்லிகளின் முகங்களும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. அதனால் சட்டத்திலிருந்து காடியின் நடுவுக்கு உள்ள தூரத்தை இரு புல்லிகளிலும் அளந்து ஒப்பிடுங்கள். வேறுபாடு 1.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இடையில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் இழுவைப் புல்லி இருந்தால் அதற்கும் இதே அளவுதான்.

பொதுவான தாங்கிகளில் இந்தக் கோடு தவறுவது மிகச் சாதாரணம். கம்ப்ரசரின் காதுக்கும் தாங்கிக்கும் இடையே வாஷர் வைத்து முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்திச் சரிசெய்யலாம். இரு காதுகளிலும் ஒரே தடிமன் வாஷர் வையுங்கள். ஒன்றில் மட்டும் வைத்தால் கம்ப்ரசர் கோணலாகிவிடும். பெல்ட் வாரத்துக்கொருமுறை புரண்டு விழுகிறது, ஓரம் நூல் நூலாகப் பிரிகிறது என்று புலம்புகிற வண்டிகளைச் சட்டம் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கோடுதான் விலகியிருக்கும். விலை கூடிய பெல்ட் அதைத் தீர்க்காது.

பெல்ட்டும் முதல் ஓட்டமும்

பெல்ட்டை நெம்புகோலால் காடிக்குள் திணிக்காதீர்கள். உள் நூல்கள் அறுந்துவிடும். கம்ப்ரசரை முழுதாகத் தளர்த்திக் கையால் ஏற்றி, பிறகு இழுவையைக் கூட்டுங்கள். நீண்ட பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் பத்துக் கிலோ அளவுக்கு அழுத்தினால் 8 முதல் 12 மி.மீ. வரை தாழ வேண்டும். இரண்டு பெல்ட் போடுகிறவர்கள் ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொகுதியில் வந்த ஜோடியை வாங்குங்கள். பழையதும் புதியதும் சேர்ந்தால் புதியதே எல்லாச் சுமையையும் சுமக்கும்.

பேட்டரியை இணைத்து, எஞ்சினை முடுக்காமல், சாவியை மட்டும் திருப்பி ஏசியைப் போடுங்கள். டக் என்று ஒரே ஓசையில் தட்டு ஒட்ட வேண்டும். காயில் வயரில் வோல்ட்மீட்டரை வைத்துப் பாருங்கள். பின்னர் எஞ்சின் ஓடும்போதும் பாருங்கள். அப்போது 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஏறக்குறைய ஐம்பது வயதான அந்த வயரிங்கில் எங்கோ தடை ஏறியிருக்கிறது. பேட்டரியிலிருந்து நேரே ரிலே வழியாகக் கிளட்சுக்கு மின்சாரம் கொடுப்பது நல்ல தீர்வு; ஃபியூஸ் வைக்க மறக்காதீர்கள். ஆக்சிலரேட்டர் சுவிட்ச் வைக்க நினைப்பவர்கள் அதை இந்த ரிலேயின் கட்டுப்பாட்டு வயரில் சேர்த்துவிடலாம், தனி வேலை இல்லை.

எஞ்சினை முடுக்கி, நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்று வேகத்தில் வைத்து, ஏசியைப் பத்து நொடி போட்டுப் பத்து நொடி அணைத்து, இப்படி இருபது தடவை செய்யுங்கள். புதுத் தட்டும் புல்லியும் ஒன்றோடொன்று முகம் பழகிக்கொள்ளும். லேசாகக் கருகிய வாசனை வரலாம். ஐந்தாறு தடவைக்குள் அது போய்விட வேண்டும். இந்த நேரத்தில் தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

பின்பு வண்டியை வெயிலில் எடுத்துப் போய், ஒரு நெரிசலான சாலையில் ஓட்டுங்கள். நடுக் காற்றுத்துளையில் சமையலறை வெப்பமானியைச் செருகி, வேலைக்கு முன் இதே சாலையில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். புது வி-பெல்ட் முதல் ஓட்டத்தில் சற்று நீளும், காடியில் இன்னும் கொஞ்சம் இறங்கும். நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியதும், எஞ்சின் ஆறிய பின், இழுவையை மறுபடி அளந்து சரிசெய்து, தாங்கியின் போல்ட்களை ஒருமுறை இறுக்குங்கள். அப்போதே இரும்புச் சட்டத்தையும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.